யாரிடம் கேட்டது?

சென்ற மீலாது விழாவையொட்டி எங்கள் மதரஸா மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தோம். ‘தாயின் சிறப்பு’ என்பது தலைப்பு. வந்து சேர்ந்த கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று மற்றெல்லாவற்றையும் மிஞ்சி நின்றது. சொற்கள் முத்துமுத்தாக அமைந்திருந்தன. ஆனால் அந்த நடை பதின்மூன்று வயதுச் சிறுவனின் நடையன்று என்பதை இரண்டாம் பத்தியிலேயே உணர்ந்துகொண்டேன். அவனைத் தனியே அழைத்தேன்.

“தம்பி, இதை நீதான் எழுதினாயா?”

“ஆமா ஹஜ்ரத், நான்தான் எழுதினேன்.”

“கையெழுத்து உன்னுடையது. வார்த்தைகள் யாருடையவை?”

தலையைக் குனிந்துகொண்டான். சிறிது நேரங்கழித்து, “வீட்ல வாப்பா வச்சிருக்கிற பழைய புத்தகத்துல இருந்துச்சு ஹஜ்ரத்” என்றான்.

“அப்படியானால் அந்தப் புத்தகத்தின் பெயரையும், எழுதியவர் பெயரையும் போட்டிருக்கலாமே?”

“போட்டா மார்க்கு குறைஞ்சிரும்னு நெனச்சேன் ஹஜ்ரத்.”

கண்டிப்பதற்காகத் திறந்த என் வாய் அப்படியே மூடிக்கொண்டது. “சரி, போ. நாளைக்குப் பேசுவோம்” என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தச் சிறுவன் ஒளிக்காமல் சொன்ன அதே காரணத்தை இரண்டு ஆண்டுகளாக என் மனத்துக்குள் நான் ஒளித்து வைத்திருந்தேன். அதை இப்பக்கங்களில் சொல்லிவிடுவது என் மீதுள்ள கடமை எனக் கருதுகிறேன்.

கரிசல் காட்டில் கேட்டது

எட்டயபுரம் சென்றுவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆவணி மாதம். வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் கரிசல் நிலம் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் கை முழுவதும் உள்ளே போகும். அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அந்நிலத்திலேயே பருத்தியும் உளுந்தும் விதைத்து வயதானவர். பேச்சுக்கு, “நிலம் இப்படி வெடித்துக் கிடக்கிறதே அண்ணாச்சி, பார்க்கவே வேதனையாக இருக்கிறது” என்றேன். அவர் சிரித்தார்.

“வெடிச்சாத்தான் பாய் நல்லது. மண்ணு வாயத் தொறந்து மழையக் கேக்குதுன்னு அர்த்தம். வெடிச்ச காடுதான் மொத மழைய அடிவரைக்கும் குடிக்கும். வாய மூடிக்கிட்டுக் கெடக்குற தரையில எம்புட்டுப் பேஞ்சாலும் தண்ணி மேலாப்புல ஓடிப் போயிரும்.”

இது வெறும் பேச்சழகு அன்று. கரிசல் மண் களிப்பு மிகுந்தது. ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி ஆழமாக வெடிக்கும். பருவத்தின் முதல் மழை அவ்வெடிப்புகள் வழியாகவே அடிமண்ணைச் சென்றடைகிறது. பிறகு மண் உப்பி வாயை மூடிக்கொண்டு, வாங்கிய ஈரத்தைப் பல வாரங்களுக்குப் பயிருக்காகக் காத்து வைக்கிறது. மானாவாரி விவசாயம் இந்த ஈரத்தை நம்பியே நடக்கிறது.

எனக்கோ அந்தச் சொல் வேறு பொருளைத் தந்தது. பாவத்தை எண்ணி உடைந்த உள்ளம், இறையருள் உள்ளிறங்கும் வெடிப்பு நிலமல்லவா! தன்னிறைவு கொண்டு மூடிக் கிடக்கும் உள்ளத்தின் மேல் எவ்வளவு உபதேசம் பொழிந்தாலும் ஓடித்தானே போகும்! அவ்வாண்டு ரமழான் மலர் ஒன்றுக்குத் தவ்பாவைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். அந்த உவமையை நடுநாயகமாக வைத்து எழுதினேன். எழுதும்போது என் பேனா ஒரு கணம் தயங்கியது. ‘தேநீர்க் கடையில் ஒரு விவசாயி சொன்னார்’ என்று எழுதுவதா? பட்டம் பெற்றவன், மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன் தவ்பாவைப் பற்றி எழுதும்போது, எழுதப் படிக்கத் தெரியாத, அதிலும் நம் சமுதாயத்தைச் சேராத ஒருவரை ஆதாரமாகக் காட்டுவதா? ‘ஓர் அறிஞர் அழகாகக் கூறினார்’ என்று எழுதி முடித்தேன்.

மார்க் குறைந்துவிடும் என்ற பயமல்லாமல் அது வேறென்ன?

கட்டுரைக்குப் பாராட்டுகள் வந்தன. ஒரு ஜும்ஆவில் ஆலிம் ஒருவர் அந்த உவமையை எடுத்துக் கூறி, இன்ன மலரில் இன்னார் எழுதியது என்று என் பெயரையும் சொன்னார். அவர் தம் கடமையைச் சரியாகச் செய்தார். அவர் கட்டிய சங்கிலி என்னோடு அறுந்து போயிற்று. அறுத்தவன் நான்.

இதற்கு ஒரு பெயர் உண்டு

இக்குற்றத்துக்கு ஹதீஸ் கலையில் பெயர் உண்டு. ‘தத்லீஸ்’ என்பார்கள். மறைத்தல் என்பது பொருள்.

நபிமொழியைத் தொகுத்த இமாம்கள் செய்தியை மட்டும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று நபி (ஸல்) அவர்கள் வரையில் பெயர்களை அடுக்கி வைத்தார்கள். இத்தொடரே இஸ்னாத். ஹிஜ்ரி 181இல் மறைந்த அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்கள் இஸ்னாதை மார்க்கத்தின் ஓர் அங்கமாகவே கருதியதை, இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள். தொடரில் ஒரு பெயர் இருந்தால் அந்த மனிதரின் நினைவாற்றலையும் நேர்மையையும் விசாரிக்க முடியும். செய்தியில் பிழை இருந்தால் அது எந்த இடத்தில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியும். ஆகவே பெயரைச் சொல்வது சொன்னவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று. கேட்பவருக்குத் தரும் பாதுகாப்பும் ஆகும்.

இந்தத் தொடரில் செய்யும் மோசடிகளில் நுட்பமானது தத்லீஸ். நேரடியாகக் கேட்ட மனிதர் சாதாரணமானவராக இருப்பார். அவரை விட்டுவிட்டு, அவருக்கு மேலேயுள்ள புகழ் பெற்றவரிடமே கேட்டது போலத் தோன்றும்படி சொல்வது இதில் ஒருவகை. ஆசிரியரைப் பிறர் அடையாளம் காண முடியாதபடி, வழக்கத்தில் இல்லாத பெயராலோ அடைமொழியாலோ குறிப்பிடுவது மற்றொரு வகை. இதைச் செய்பவர் செய்தியைப் புனைவதில்லை. செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஹதீஸ் கலை மேதை ஷுஅபா (ரஹ்) அவர்கள் தத்லீஸைப் பொய்யின் உடன்பிறப்பாகக் கருதியதாக அறிவிக்கப்படுகிறது.

‘ஓர் அறிஞர் கூறினார்’ என்ற என் மூன்று சொற்களில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. ஆண்டுதோறும் இந்தப் பாடத்தை மாணவர்களுக்கு நடத்துபவன் நான். சிந்தித்துப் பாருங்கள்.

கெய்ரோவில் தட்டப்பட்ட கதவு

இது சிறியவர்கள் மட்டும் சறுக்கும் இடமன்று. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் இரு பெரும் மேதைகள் வாழ்ந்தனர். ஒருவர் இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்), மறைவு ஹிஜ்ரி 911, கி.பி. 1505. மற்றவர் இமாம் கஸ்தல்லானி (ரஹ்), மறைவு ஹிஜ்ரி 923, கி.பி. 1517. ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரையும், ‘அல்மவாஹிபுல் லதுன்னிய்யா’ என்னும் சீறா நூலும் எழுதியவர் இவரே. இவ்விருவருக்கும் இடையே நடந்த வழக்கொன்றை, நம் இந்தியாவின் அஹ்மதாபாத்தில் வாழ்ந்து 1628இல் மறைந்த அப்துல் காதிர் அல்ஐதரூஸ் (ரஹ்) அவர்கள் ‘அந்நூருஸ் ஸாஃபிர்’ என்னும் வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தமது நூல்களிலிருந்து கஸ்தல்லானி எடுத்துக்கொள்கிறார், எடுத்த இடத்தைச் சொல்வதில்லை என்பது ஸுயூத்தியின் குற்றச்சாட்டு. வழக்கு ஷைகுல் இஸ்லாம் ஜகரிய்யா அல்அன்ஸாரி (ரஹ்) அவர்களின் முன்னிலைக்கு வந்தது. ஸுயூத்தி ஒரேயொரு கேள்வி கேட்டார். கஸ்தல்லானி பல இடங்களில் பைஹகீயிலிருந்து எடுத்ததாக எழுதியிருக்கிறார். பைஹகீக்கோ நூல்கள் பல. அவற்றில் எந்த நூலிலிருந்து எடுத்தார் என்று சொல்லட்டும் என்றார். கஸ்தல்லானியால் நூலைச் சொல்ல முடியவில்லை. ஏனெனில் அவர் பைஹகீயைப் பார்த்து எழுதவில்லை; ஸுயூத்தி பைஹகீயிலிருந்து எடுத்து எழுதியதைப் பார்த்து எழுதியிருந்தார். ‘ஸுயூத்தியின் நூலில் பைஹகீ வழியாகக் கண்டேன்’ என்று எழுதியிருந்தால் வழக்கே எழுந்திராது.

இதன் முடிவுதான் உள்ளத்தை உருக்குவது. நைல் நதியின் ரவ்ளா தீவில் தனித்து வாழ்ந்த ஸுயூத்தியின் வீட்டுக்கு, கெய்ரோவிலிருந்து கஸ்தல்லானி நடந்தே சென்றார். காலில் செருப்பில்லை, தலையில் தலைப்பாகை இல்லை. கதவைத் தட்டினார். யார் என்று உள்ளிருந்து கேட்கப்பட்டது. தம் பெயரைச் சொல்லி, தம்மீதுள்ள மனத்தாங்கலை நீக்கிக்கொள்ள வேண்டி வந்த கோலத்தையும் சொன்னார். மனத்தாங்கல் நீங்கிவிட்டது என்று உள்ளிருந்தே பதில் வந்தது. ஆனால் கதவு திறக்கப்படவில்லை.

கஸ்தல்லானியின் நூல்களை உலகம் இன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. அவருடைய கல்வியை எவரும் குறைத்து மதிப்பிடவில்லை. குற்றஞ்சாட்டிய ஸுயூத்தியின் மீதே அவர் காலத்து அறிஞர் ஸகாவி (ரஹ்) இதே குற்றச்சாட்டைச் சுமத்தினார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மேதைகளும் வழுக்கும் இடம் இது. வழுக்கிய பின் வெறுங்காலுடன் நடந்து போன அந்தப் பணிவே இவ்வரலாற்றில் என்னைத் தைத்தது. கெய்ரோ நகரைக் கடந்து அவரால் நடக்க முடிந்தபோது, எட்டயபுரம் சாலையில் சில கல் தொலைவு என்னால் போக முடியாதா?

வழி என்னும் சொல்

மறுநாள் காலை புறப்பட்டேன். முதலில் எட்டயபுரத்தில் உமறுப்புலவர் அவர்களின் அடக்கத்தலத்துக்குச் சென்று ஃபாத்திஹா ஓதினேன். அங்கே அரசு எழுப்பிய மணிமண்டபமும் உண்டு.

அங்கே அமர்ந்திருந்தபோது தமிழிலக்கணப் பாடமொன்று நினைவுக்கு வந்தது. நூலின் சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் வகுத்துத் தருகிறது. முதலாவது, ஆக்கியோன் பெயர். இரண்டாவது, வழி. இந்நூல் எந்த நூலின் வழியாக வந்தது, யாருடைய கருத்தைப் பின்பற்றுகிறது என்பதே வழி. நூலின் பயன் என்ன என்பது கூடப் பின்னால்தான் வருகிறது. எங்கிருந்து வந்தது என்பதை முன்னால் சொல்லியாக வேண்டும். ஹதீஸ் கலையில் ஒரு செய்தி நம்மை வந்தடையும் தொடரை ‘தரீக்’ என்பார்கள். அந்த அரபுச் சொல்லுக்கும் வழி என்றுதான் பொருள். பல்லாயிரம் கல் தொலைவிலிருந்த இரு மொழியினர் ஒரே சொல்லால் ஒரே கடமையைக் குறித்திருக்கிறார்கள்.

உமறுப்புலவர் இவ்விரு மரபுகளும் சந்தித்த இடம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவருக்குத் தமிழ் கற்றுத் தந்தவர் எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காவியமாக்கத் தூண்டியவர் வள்ளல் சீதக்காதி. அரபு மூலங்களிலுள்ள செய்திகளுக்காகக் கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடியதாகவும், பின்னர் பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியாரிடம் அவற்றைக் கேட்டறிந்ததாகவும் வழிவழிச் செய்தி கூறுகிறது. சீதக்காதி மறைந்தபின் ஆதரித்தவர் அபுல்காசிம் மரைக்காயர். 5,027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்தின் இடையிடையே அபுல்காசிமின் பெயரைப் புலவர் நன்றியோடு பதித்து வைத்தார்.

உமறுவின் காவியம் முற்றுப் பெறவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பின்னர் பாடி முடித்த பனீ அகமது மரைக்காயரின் நூல் ‘சின்னச் சீறா’ என்று தனிப்பெயர் பெற்றது. உமறுவின் பாடல் எங்கே முடிகிறது, அடுத்தவர் பாடல் எங்கே தொடங்குகிறது என்று எவரும் மயங்க இடமில்லை. பொருளைச் சொன்னவர், பொருளுதவி செய்தவர், தமிழ் தந்தவர், எச்சத்தை முடித்தவர் என எல்லாருடைய பெயரும் நமக்குத் தெரிகின்றன. அதனால் உமறுவின் புகழில் அணுவளவேனும் குறைந்ததா?

“எங்கய்யா சொல்லுவாக”

அங்கிருந்து அந்தத் தேநீர்க் கடைக்கு வந்தேன். முதியவரை அடையாளம் சொல்லி விசாரித்தேன். வீட்டைக் காட்டினார்கள். வேப்ப மரத்தடியில் கட்டிலில் அமர்ந்திருந்தார். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. பேருந்து நின்றுபோன கதையைச் சொன்னதும், “அட, வாங்க பாய், உக்காருங்க” என்றார்.

மலரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். கட்டுரையைப் படித்துக் காட்டினேன். ‘ஓர் அறிஞர்’ என்ற இடம் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. “இது நீங்கள் சொன்னது அண்ணாச்சி. உங்களிடம் கேட்டதாக நான் எழுதவில்லை. என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும்” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்றோ, பெருந்தன்மையாகச் சிரித்து விடுவார் என்றோ எதிர்பார்த்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

“அய்ய, நானெங்க பாய் சொன்னேன்? அது எங்கய்யா சொல்லுவாக. ஒரு பஞ்சத்துல காடு பூராம் வெடிச்சுக் கெடந்தப்ப நான் அழுதேன். அப்ப என்னயக் கூட்டிட்டுப் போயி வெடிப்புக்குள்ள கைய விடச் சொல்லி இந்தச் சொல்லச் சொன்னாக. அவுகளுக்கு ஆரு சொன்னாகளோ, அது எனக்குத் தெரியாது.”

வாயடைத்துப் போனேன். தாம் கேட்டது யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் கேட்டது, எதுவரை தமக்குத் தெரியும், எதற்குமேல் தெரியாது என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஓர் அறிவிப்பாளரிடம் ஹதீஸ் கலை எதிர்பார்ப்பது இவற்றைத்தானே! பள்ளிக்கூடம் போகாத அவர் தந்தையின் பெயரை விட்டுவிடவில்லை. பட்டம் பெற்ற நான் அவரை விட்டுவிட்டேன்.

“இனி எழுதும்போது உங்கள் பெயரையும் உங்கள் அய்யா பெயரையும் போடுகிறேன்” என்றேன். அவர் கையை அசைத்து மறுத்தார். “பேரு என்னத்துக்கு பாய்? கரிசக்காட்டுக்காரன் ஒருத்தன், அவுக அய்யாகிட்டக் கேட்டதுன்னு போடுங்க, போதும்.” அவர் விருப்பப்படியே இங்கே பெயரை எழுதவில்லை.

பொருள்தானே முக்கியம் என்போருக்கு

“சொன்னவர் யாராயிருந்தால் என்ன, சொன்ன பொருள்தானே முக்கியம்?” என்று சிலர் கேட்பார்கள். சொன்னவரின் தகுதியைப் பாராமல் சொல்லின் உண்மையைத் தேடும்படி வள்ளுவரும் அறிவுறுத்தியிருக்கிறாரே என்பார்கள். அது கேட்பவருக்குரிய அறிவுரை. எளியவர் சொன்னார் என்பதற்காக உண்மையைத் தள்ளிவிடாதே என்பது அதன் கருத்து. அவரிடம் பெற்றுக்கொண்ட பின் அவர் பெயரை மறைத்துவிடு என்று அது எழுதுபவருக்கு அனுமதி தரவில்லை.

“சட்டப்படி குற்றமில்லையே” என்பார் சிலர். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை தருகிறது. உரிமையைப் பிறருக்கு விற்றுவிட்டாலும், ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரை விட்டுப் போவதில்லை என்று அதன் 57ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் இச்சட்டம் காப்பது கருத்து வெளிப்பட்ட வடிவத்தை, கருத்தையே அன்று. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளும் ஆய்வேடுகளில் சொற்கள் எத்தனை விழுக்காடு ஒத்திருக்கின்றன என்றே அளக்கின்றன. 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. என் கட்டுரையை எந்தக் கணினியில் இட்டாலும் அந்த முதியவரின் பேச்சு அகப்படாது. சட்டத்துக்கு அகப்படாத இடத்திலேயே அமானிதம் என்பதற்கு வேலை இருக்கிறது. தாம் செய்யாதவற்றுக்காகப் புகழப்பட விரும்புவோரைத் திருக்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயம் 188ஆம் வசனத்தில் எச்சரிக்கிறது. மனிதருக்கு நன்றி பாராட்டுவதை அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவதோடு இணைத்துச் சொல்லும் நபிமொழியை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம்.

“பாமரர் பேச்சு எல்லாருக்கும் பொதுவானதுதானே” என்போருக்கு எங்கள் வட்டாரமே விடை சொல்லும். கோவில்பட்டிக்கு அருகேயுள்ள இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 2021இல் மறையும் வரையில் மக்கள் பேச்சையும் கதைகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1982இல் அவர் வெளியிட்ட அகராதிக்கு வைத்த பெயர் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’. சொற்கள் யாருக்கு உரியவை என்பதைத் தலைப்பே அறிவித்துவிட்டது. நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிப்பதில் அவரோடு உழைத்தவர்களில் ஒருவர், கழனியூரன் என்ற புனைபெயரில் எழுதிய ஆசிரியர் அப்துல் காதர்; 2017இல் மறைந்தார். வயதிலும் புகழிலும் மூத்தவரான கி.ரா., இளையவரான கழனியூரனின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே நூலின் அட்டையில் இடம்பெறச் செய்தார்.

ஒரு சிறு செய்தியும் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் என்று விற்கக் கூடாது. நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த ஒரு தின்பண்டத்துக்கே பிறந்த ஊரைச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு மனிதரின் உள்ளத்தில் பிறந்த சொல்லுக்குச் சொல்ல வேண்டாமா?

நாம் செய்யக்கூடியவை

நமக்கு இது கடினமான காரியமன்று. பிறருடைய வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் வைத்து, அவர் பெயரைச் சொல்வோம். வாக்கியத்தை மாற்றிக் கருத்தை மட்டும் எடுத்தாலும் பெயரைச் சொல்வோம். சட்டையை மாற்றிவிட்டால் பிள்ளை நம்முடையதாகிவிடாது. மூல நூலைப் பார்க்காமல் வேறொருவர் எழுதியதிலிருந்து எடுத்தால், அந்த வேறொருவரையும் குறிப்பிடுவோம். கஸ்தல்லானி வழக்கின் பாடம் இதுவே. பேச்சில் கேட்டிருந்தால், கேட்டது இன்னாரிடம் என்போம். பெயர் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுவோம். பொய்யான ‘அறிஞர்’ ஒருவரைப் படைக்க வேண்டாம். பெயர் சொல்ல வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டால், அந்த விருப்பத்தை மதித்து, எத்தகையவரிடம் கேட்டோம் என்பதையாவது உண்மையாகச் சொல்வோம். அனைவருக்கும் தெரிந்த பொதுச் செய்திக்கு இவையெல்லாம் தேவையில்லை.

இன்று வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வந்து விழும் பொன்மொழிகளில் பலவற்றுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. கேட்ட தலைப்பில் நொடியில் கட்டுரை எழுதித் தரும் கணினிச் செயலிகளும் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. எழுதுவது இவ்வளவு எளிதாகிவிட்ட காலத்தில், ‘யாரிடம் கேட்டது?’ என்ற கேள்வியை வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. பள்ளியிலிருந்து வந்து அவர்கள் ஒரு நல்ல செய்தியைச் சொன்னால், மகிழ்ந்து கேட்டுவிட்டு, “இதை உனக்கு யார் சொன்னார்கள்?” என்று ஒரு தாயோ தந்தையோ கேட்டால் போதும். அந்தப் பழக்கம் எழுத்திலும் தொடரும்.

அந்தச் சிறுவனை மறுநாள் அழைத்து, என் கதையை முழுவதும் அவனிடம் சொன்னேன். ஆசிரியர் இப்படிச் செய்வாரா என்பது போல் பார்த்தான். பிறகு கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்ததில், புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள் நான்கே நான்கு. அவற்றின் மேல் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் இருந்தன. எஞ்சிய பகுதியில், அதிகாலையில் எழுந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தன் தாயைப் பற்றி அவனே எழுதியிருந்தான். சில இடங்களில் எழுத்துப் பிழைகள். பரிசு வேறொரு மாணவனுக்குப் போயிற்று. ஆனால் பெயர் போட்டதற்காக நான் ஒரு மதிப்பெண்ணும் குறைக்கவில்லை.

இனி என் கணக்கைத் தீர்க்க வேண்டும். தத்லீஸ் பற்றிய பாடத்தை என் உஸ்தாதிடம் ஓதினேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டிய சொல் ஒரு மாணவனுடையது. உடைந்த உள்ளமே அருளை ஆழமாக வாங்கும் என்று ரமழான் மலரில் நான் எழுதிய உவமை எந்த அறிஞருடையதும் அன்று. கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையிலுள்ள ஒரு கரிசல்காட்டு விவசாயியிடம் அதைக் கேட்டேன். அவர் தம் தந்தையாரிடம் கேட்டார். அவர் யாரிடம் கேட்டார் என்பதை அல்லாஹ் அறிவான்.